ஸ்டார்ட் பட்டனைப் பழைய மூலைக்கே அனுப்புவது எப்படி? – கணினி கேள்வி பதில்

உங்கள் கணினியில் உங்களுக்கு எரிச்சலூட்டும் ஒரே ஒரு விஷயத்தை எழுதி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். ஒன்றுதான் கேட்டேன், சிலர் பெரிய புகார்ப் பட்டியலே அனுப்பிவிட்டார்கள். படித்துப் பார்த்ததில், பெரும்பாலானவற்றுக்குப் புது மென்பொருள் எதுவும் தேவையில்லை, செட்டிங்ஸுக்குள் எங்கேயோ ஒரு சுவிட்ச் சும்மா உட்கார்ந்திருக்கிறது. பதில்கள் எல்லாம் விண்டோஸ் 11-ஐ வைத்து எழுதியவை. விண்டோஸ் 10 வைத்திருப்பவர்களுக்கும் பல விஷயங்கள் பொருந்தும், மெனுவின் இடம்தான் கொஞ்சம் மாறும். ஆனால் அதற்கான வழக்கமான ஆதரவு, அதாவது மைக்ரோசாஃப்ட் தரும் பாதுகாப்பு அப்டேட்கள், 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்பதால், அழகுபடுத்துவதற்கு முன்னால் அந்தக் கவலையைக் கவனியுங்கள்.

கேள்வி: புதுக் கணினியில் ஸ்டார்ட் பட்டன் நடுவில் இருக்கிறது. இருபது வருடமாக இடது மூலைக்குப் போய்ப் பழகிய கை, இன்னும் அங்கேதான் போகிறது. மாற்ற முடியுமா?

பதில்: முடியும். டாஸ்க்பாரில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து டாஸ்க்பார் செட்டிங்ஸ் போங்கள். கீழே டாஸ்க்பார் பிஹேவியர்ஸ் என்று இருக்கும், அதை விரித்தால் டாஸ்க்பார் அலைன்மென்ட், அதில் லெஃப்ட். அவ்வளவுதான், கணினியை மறுபடி தொடங்கக்கூட வேண்டாம்.

அதே பக்கத்தின் மேல் பகுதியில் விட்ஜெட்ஸ், டாஸ்க் வியூ, சர்ச் என்று வரிசையாக இருக்கும். சர்ச் பெட்டி டாஸ்க்பாரில் அத்தனை நீளத்துக்கு இடத்தை அடைத்துக்கொண்டிருக்க வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் விண்டோஸ் கீயை ஒரு தட்டு தட்டிவிட்டு அப்படியே டைப் செய்ய ஆரம்பித்தாலே தேடல் வந்துவிடும். நான் அதை ஹைட் செய்து வைத்திருக்கிறேன். விட்ஜெட்ஸும் அப்படியே. வானிலையை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொள்கிறேன்.

அப்புறம் ஒரு உபரித் தகவல்: டாஸ்க்பாரில் பின் செய்து வைத்திருக்கும் புரோகிராம்களை விண்டோஸ் கீயோடு 1, 2, 3 என்று எண்ணை அழுத்தியே திறக்கலாம். முதலில் இருப்பது 1. தினமும் திறக்கும் மூன்றை முதல் மூன்று இடத்துக்கு இழுத்து வையுங்கள், ஒரு வாரத்தில் ஸ்டார்ட் பட்டன் எங்கே இருந்தால் என்ன என்று ஆகிவிடும்.

கேள்வி: கணினி திறக்கவே ஐந்து நிமிடம் ஆகிறது. ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் மென்பொருள் ஒன்றைப் போடச் சொல்கிறார் நண்பர். போடலாமா?

பதில்: வேண்டாம். முதலில் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத்தான் காரணத்துக்கு வருகிறேன், ஏனென்றால் இதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருடத்துக்கு முன்னால் இப்படி ஒன்றைப் போட்டு, அது "ஆயிரத்துச் சொச்சம் பிழைகள்" என்று சிவப்பு எழுத்தில் காட்ட, பயந்துபோய் எல்லாவற்றையும் அழி என்று கொடுத்தேன். வேகம் துளிகூடக் கூடவில்லை, பிரின்டர் மட்டும் வேலை செய்வதை நிறுத்திவிட்டது. அதைச் சரிசெய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை போயிற்று.

ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸும் அதில் நிறுவிய புரோகிராம்களும் தங்கள் அமைப்புகளைக் குறித்து வைத்துக்கொள்ளும் பெரிய பதிவேடு. அதில் பயன்படாத பழைய வரிகள் சில நூறு கிடந்தாலும், அவற்றை யாரும் உட்கார்ந்து முதலிலிருந்து கடைசிவரை படிப்பதில்லை, தேவையான வரியை நேராகப் போய் எடுப்பார்கள். அதனால் அழிப்பதில் கிடைக்கும் லாபம் ஒன்றுமில்லை, தவறான வரி போனால் நஷ்டம் உண்டு. இந்தவகை கிளீனர்களை ஆதரிக்கவில்லை என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது.

சரி, அப்படியானால் ஐந்து நிமிடம் எங்கே போகிறது? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ஸ்டார்ட்அப் ஆப்ஸ் என்ற பகுதிக்குப் போங்கள். கணினி விழிக்கும்போதே கூடச் சேர்ந்து விழிக்கிற கூட்டம் முழுக்க அங்கே இருக்கும். வீடியோ அழைப்புக்கான செயலி, பாட்டு கேட்கும் செயலி, விளையாட்டு லாஞ்சர், எப்போதோ வாங்கிய பிரின்டரின் உதவியாளர், இப்படி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் பாரம் லோ, மீடியம், ஹை என்று எழுதியிருக்கும். ஹை என்று இருப்பதில் உங்களுக்குத் தினமும் காலையில் தேவைப்படாததை ரைட் கிளிக் செய்து டிசேபிள் கொடுங்கள். டிசேபிள் என்றால் அழிப்பது அல்ல, அந்தப் புரோகிராம் அப்படியே இருக்கும், நீங்கள் கூப்பிடும்போது மட்டும் வரும். ஆன்டிவைரஸையும், டச்பேட், சவுண்ட் சம்பந்தமானவற்றையும் மட்டும் தொடாமல் விடுங்கள்.

இன்னொன்றும் பாருங்கள். அதே டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியூவைத் தொட்டால் அப் டைம் என்று ஒரு எண் ஓடிக்கொண்டிருக்கும். தினமும் ராத்திரி ஷட் டவுன் செய்கிற ஆளுக்குக்கூட அது பன்னிரண்டு நாள், இருபது நாள் என்று காட்டும். பொய் இல்லை. 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அது இயங்கும்போது ஷட் டவுன் கொடுத்தால், திறந்திருக்கும் உங்கள் புரோகிராம்கள்தான் முழுசாக மூடப்படும், விண்டோஸின் உள்ளே இருக்கும் மையப் பகுதியை அப்படியே டிஸ்கில் சேமித்துவிட்டு, மறுநாள் அதையே எடுத்துத் தூசி தட்டிப் பயன்படுத்தும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் அடியிலிருந்து புதிதாகத் தொடங்கும். வழக்கத்துக்கு மாறாக இருக்கிறது, தெரியும். அதனால் வாரம் ஒரு முறையாவது ரீஸ்டார்ட் கொடுங்கள், அல்லது ஷிஃப்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஷட் டவுனைக் கிளிக் செய்யுங்கள், அன்றைக்கு மட்டும் முழுசாக அணையும்.

இவ்வளவுக்கும் பிறகு ஐந்து நிமிடம் ஆகிறது என்றால், உள்ளே இருப்பது பழைய சுழலும் ஹார்டு டிஸ்காக இருக்கலாம். அதைச் சுழலும் பாகமே இல்லாத, வேகமான எஸ்எஸ்டியாக மாற்றுவதற்கு ஈடாக எந்த செட்டிங்ஸும் வராது.

கேள்வி: விண்டோஸ் 11-இல் ரைட் கிளிக் செய்தால் பாதி மெனுதான் வருகிறது. மீதிக்கு இன்னொரு கிளிக்.

பதில்: ஷிஃப்டைப் பிடித்துக்கொண்டு ரைட் கிளிக் செய்யுங்கள், பழைய முழு மெனு நேராக வரும். இதை நிரந்தரமாக்க ரெஜிஸ்ட்ரியில் ஒரு நீளமான எண்ணைச் சேர்க்கும் வழி ஒன்றும் உண்டு. ஆனால் ஷிஃப்ட் இடது சுண்டுவிரலுக்குக் கீழேயேதான் இருக்கிறது.

கேள்வி: மெனு திறக்கும் வேகத்தைக் கூட்ட ரெஜிஸ்ட்ரியில் ஒரு எண்ணை மாற்றச் சொல்கிறார்கள். உண்மையா, கதையா?

பதில்: உண்மைதான். மெனுஷோடிலே என்று பெயர். கரன்ட் யூசர் பிரிவில், கன்ட்ரோல் பேனல், அதற்குள் டெஸ்க்டாப் என்ற இடத்தில் இருக்கும். அதன் வழக்கமான மதிப்பு 400, அதாவது துணை மெனு விரிவதற்கு முன்னால் விண்டோஸ் வேண்டுமென்றே 400 மில்லி விநாடி, அரை விநாடிக்கும் சற்றுக் குறைவாக, காத்திருக்கிறது. மவுஸ் சும்மா கடந்து போகும்போதெல்லாம் மெனு படபடவென்று விரியக் கூடாது என்பதற்காக வைத்த தாமதம் அது. பூஜ்யம் என்று வைத்துப் பாருங்கள், புரியும், கை நடுங்கினால்கூட மெனு தாவும். 100 அல்லது 150 என்று வைத்தால் சுறுசுறுப்பாக இருக்கும். மாற்றிவிட்டு ஒரு முறை சைன் அவுட் செய்து திரும்ப வர வேண்டும்.

ரெஜிஸ்ட்ரியைத் தொடுவதற்கு முன் இரண்டு காரியம் செய்யுங்கள். மாற்றப்போகும் கிளையை ரைட் கிளிக் செய்து எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு ஃபைலாக வைத்துக்கொள்ளுங்கள், ஏதாவது கெட்டுப்போனால் அந்த ஃபைலை இரட்டைக் கிளிக் செய்தால் பழைய மதிப்பு திரும்பிவிடும். இரண்டாவது, ஸ்டார்ட் மெனுவில் ரீஸ்டோர் பாயின்ட் என்று ஆங்கிலத்தில் தேடி, சிஸ்டம் புரொடெக்‌ஷன் சி டிரைவுக்கு ஆன் ஆகியிருக்கிறதா என்று பார்த்து, ஒரு ரீஸ்டோர் பாயின்ட், அதாவது ஏதாவது கெட்டால் கணினியின் அமைப்புகளை இன்றைய நிலைக்குத் திருப்ப உதவும் அடையாளப் புள்ளி, உருவாக்கி வையுங்கள். பல கணினிகளில் இது ஆஃப் ஆகவே கிடக்கும், தேவைப்படும் அன்றைக்குத்தான் தெரியவரும்.

உண்மையில் மெனு வேகம்தான் உங்கள் குறை என்றால் ரெஜிஸ்ட்ரி வரை போக வேண்டாம். செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி, அதற்குள் விஷுவல் எஃபெக்ட்ஸ். அதில் அனிமேஷன் எஃபெக்ட்ஸை ஆஃப் செய்யுங்கள். ஜன்னல்கள் மிதந்து வருவது, சுருங்கிப் போவது எல்லாம் நின்று, டக்கென்று வந்து டக்கென்று போகும். பழைய கணினியில் இந்த ஒரு சுவிட்ச் தரும் திருப்தி எனக்கு வேறு எதிலும் கிடைத்ததில்லை.

கேள்வி: எழுத்து சின்னதாகத் தெரிகிறது. ரெசல்யூஷனைக் குறைத்துவிட்டேன், பெரிதானது, ஆனால் மங்கலாக இருக்கிறது.

பதில்: ரெசல்யூஷனைப் பழையபடி ரெக்கமெண்டட் என்று போட்டிருப்பதற்கே மாற்றிவிடுங்கள். எல்சிடி திரையில் புள்ளிகளின் எண்ணிக்கை நிலையானது, அதைவிடக் குறைவாகக் கேட்டால் ஒரு புள்ளியை ஒன்றரைப் புள்ளியாக இழுத்துக் காட்ட வேண்டியிருக்கும், மங்கல் அங்கேதான் வருகிறது. உங்களுக்குத் தேவை வேறு இரண்டு. சிஸ்டம், டிஸ்பிளே, ஸ்கேல் என்பதை 125 அல்லது 150 சதவீதம் ஆக்கினால் எழுத்து, ஐகான், பட்டன் எல்லாம் சேர்ந்து பெரிதாகும். எழுத்து மட்டும் போதும் என்றால் அக்சசிபிலிட்டியில் டெக்ஸ்ட் சைஸ், 225 சதவீதம் வரை போகும். இரண்டிலும் கூர்மை குறையாது. மவுஸ் அம்பும் கண்ணில் படவில்லை என்றால் அதே அக்சசிபிலிட்டியில் அதன் அளவையும் நிறத்தையும் மாற்றலாம்.

கேள்வி: டார்க் மோட் போட்டால் மின்சாரம் மிச்சமாகுமா?

பதில்: ஓஎல்இடி திரை என்றால் ஆகும், அதில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளி அணைந்தே இருக்கும். சாதாரண எல்சிடியில் பின்னாலிருக்கும் விளக்கு வெள்ளைக்கும் கறுப்புக்கும் ஒரே மாதிரிதான் எரியும். கண்ணுக்கு இதமாக இருந்தால் போடுங்கள். பெர்சனலைசேஷனில் கலர்ஸ் போய்க் கஸ்டம் என்று வைத்தால், டாஸ்க்பார் மட்டும் கறுப்பு, ஃபைல்கள் திறக்கும் ஜன்னல்கள் வெள்ளை என்று கலந்தும் வைத்துக்கொள்ளலாம். நான் அப்படித்தான்.

கேள்வி: ஒன்றைக் காப்பி செய்துவிட்டு, பேஸ்ட் செய்வதற்குள் இன்னொன்றைக் காப்பி செய்து முதலாவதைத் தொலைத்துவிடுகிறேன். தினமும் நடக்கிறது.

பதில்: விண்டோஸ் கீயோடு வி அழுத்துங்கள். முதல் தடவை டர்ன் ஆன் என்று கேட்கும், கொடுங்கள். அதன் பிறகு காப்பி செய்யும் ஒவ்வொன்றும் வரிசையாகச் சேரும், 25 வரை. வேண்டியதைத் தொட்டால் பேஸ்ட் ஆகிவிடும். 2018 அக்டோபர் அப்டேட்டிலேயே வந்துவிட்ட வசதி இது, இத்தனை வருடம் கழித்தும் இதைச் சொல்லும்போது பலர் முகத்தில் வருகிற அந்த வெளிச்சத்துக்காகவே நான் இதைத் திரும்பத் திரும்ப எழுதுவேன்.

அடிக்கடி தேவைப்படும் முகவரி, கடித முடிவு போன்றவற்றைப் பின் செய்து வைத்தால் கணினியை அணைத்தாலும் அழியாது, மற்றவை ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். ஒரே ஒரு எச்சரிக்கை: காப்பி செய்த பாஸ்வேர்டும் அந்த வரிசையில் எல்லோர் கண்ணிலும் படும்படி உட்கார்ந்திருக்கலாம். பொதுக் கணினியில் இதை ஆன் செய்யாதீர்கள், வீட்டில் என்றால் அந்த வரியை மட்டும் நீக்கிவிடுங்கள்.

கேள்வி: ஃபைல் பெயருக்குப் பின்னால் வரும் டாட் மூன்றெழுத்து இப்போது தெரிவதே இல்லை. தெரிய வைப்பது நல்லதா?

பதில்: இந்தப் பகுதியில் ஒரே ஒரு மாற்றத்தைத்தான் செய்வேன் என்று நீங்கள் அடம்பிடித்தால், இதைச் செய்யுங்கள். ஃபைல் எக்ஸ்ப்ளோரரைத் திறந்து வியூ, ஷோ, ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ், டிக்.

இது அழகு சம்பந்தப்பட்டது அல்ல, பாதுகாப்பு. 2000 மே மாதம் உலகத்தையே ஒரு ஆட்டு ஆட்டிய ஐ லவ் யூ வைரஸ் மின்னஞ்சலில் காதல் கடிதம் என்ற பெயரில் வந்தது. அந்த ஃபைலின் பெயர் டாட் டிஎக்ஸ்டி, அதற்குப் பின்னால் டாட் விபிஎஸ் என்று முடியும். கடைசித் துண்டை விண்டோஸ் மறைத்துவிட்டதால், பார்த்தவர்களுக்கு டிஎக்ஸ்டி வரைதான் தெரிந்தது, வெறும் எழுத்து ஃபைல் என்று நம்பித் திறந்தார்கள், உள்ளே இருந்ததோ ஓடக்கூடிய நிரல். கால் நூற்றாண்டு ஆகிவிட்டது, இன்றைக்கும் பில் டாட் பிடிஎஃப் டாட் இஎக்ஸ்இ என்று அதே தந்திரத்தோடு ஃபைல்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. ஐகானை யார் வேண்டுமானாலும் பிடிஎஃப் மாதிரி வரைந்து ஒட்டிவிடலாம், கடைசி எழுத்துகளைப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

பெயர் மாற்றும்போது அந்தத் துண்டும் அழிந்துவிடுமோ என்று பயப்படாதீர்கள். எஃப்2 அழுத்தினால் பெயர் மட்டும்தான் தேர்வாகும்.

கேள்வி: டெஸ்க்டாப் முழுக்க ஐகான். வால்பேப்பர் என்ன படம் என்பதே மறந்துவிட்டது. என்ன செய்வது?

பதில்: உடனடி நிவாரணம்: டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக், வியூ, ஷோ டெஸ்க்டாப் ஐகான்ஸ் என்பதன் டிக்கை எடுங்கள். எல்லாம் மறைந்துவிடும், எதுவும் அழியாது, ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டெஸ்க்டாப் என்ற ஃபோல்டரில் பத்திரமாக இருக்கும். விருந்தாளி வரும்போது எல்லாவற்றையும் அள்ளி ஓர் அறைக்குள் போட்டுக் கதவைச் சாத்துவது போலத்தான் இது, ஆனாலும் நிம்மதியாக இருக்கிறதே.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். டெஸ்க்டாப் என்பது வானத்தில் மிதக்கும் இடம் இல்லை, அதுவும் வழக்கமாக சி டிரைவில் உங்கள் பெயரில் இருக்கும் ஒரு சாதாரண ஃபோல்டர். விண்டோஸ் கெட்டுப்போய் சி டிரைவை ஃபார்மேட் செய்ய நேர்ந்தால் முதலில் பலியாவது அதில் கிடக்கும் ஃபைல்கள்தான். "முக்கியமானது, கண் முன்னால் இருக்கட்டும்" என்று எதை டெஸ்க்டாப்பில் வைக்கிறோமோ, அதையே காப்பு நகல் எடுக்க மறந்துவிடுகிறோம். ஃபைலை அதற்கான ஃபோல்டரில் வையுங்கள், கண் முன்னால் வேண்டுமென்றால் ஆல்ட் கீயைப் பிடித்துக்கொண்டு அதை டெஸ்க்டாப்புக்கு இழுத்து விடுங்கள், ஷார்ட்கட் மட்டும் உருவாகும்.

ஐகான் அல்ல, திறந்து வைத்த ஜன்னல்கள்தான் கூட்டம் என்றால் விண்டோஸ் கீ, கன்ட்ரோல், டி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். புத்தம்புது டெஸ்க்டாப் ஒன்று முளைக்கும். அலுவலக வேலை ஒன்றில், பாட்டும் அரட்டையும் இன்னொன்றில். விண்டோஸ் கீ, கன்ட்ரோலோடு இடது வலது அம்புகள் அழுத்தினால் மாறி மாறிப் போகலாம், விண்டோஸ் 11-இல் ஒவ்வொன்றுக்கும் தனி வால்பேப்பரும் வைக்கலாம். ஐகான்கள் மட்டும் எல்லாவற்றிலும் அதேதான் வரும், அதில் ஏமாந்துபோகாதீர்கள்.

கேள்வி: கடிகாரத்தில் விநாடியும் ஓட வேண்டும்.

பதில்: முதல் கேள்வியில் சொன்ன அதே டாஸ்க்பார் பிஹேவியர்ஸில் ஷோ செகண்ட்ஸ் என்று இருக்கிறது. மின்சாரம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும் என்று அங்கேயே எழுதியும் இருக்கும். இதற்குப் பின்னால் ஒரு பழைய கதை உண்டு: விண்டோஸ் 95-ஐ உருவாக்கும்போது டாஸ்க்பார் கடிகாரத்தில் விநாடி ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்கள். அன்றைய கணினிக்குக் குறைந்தபட்சம் தேவைப்பட்ட நினைவகம் வெறும் 4 எம்பி. விநாடிக்கு ஒரு தடவை அந்த எழுத்தை வரைவதற்காகவே நினைவகத்தில் இடம் பிடித்து வைக்க வேண்டியிருந்ததால் மற்ற வேலைகள் மெதுவாகிவிட, எடுத்துவிட்டார்கள். இப்போது எல்லோரிடமும் அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு நினைவகம் இருக்கிறது, தாராளமாக ஓட விடுங்கள்.

கேள்வி: கேப்ஸ் லாக் தெரியாமல் விழுந்து, நிமிர்ந்து பார்த்தால் ஒரு பத்தி முழுக்கப் பெரிய எழுத்தில் இருக்கிறது.

பதில்: எளிய வழி, அக்சசிபிலிட்டியில் கீபோர்டு பகுதியில் டாகிள் கீஸ். ஆன் செய்தால் கேப்ஸ் லாக் விழும்போதெல்லாம் ஒரு பீப் சத்தம் வரும். அந்த கீயே வேண்டாம் என்றால் பவர்டாய்ஸ் என்று மைக்ரோசாஃப்டே இலவசமாகத் தரும் கருவிப்பெட்டி இருக்கிறது. விண்டோஸ் 95 காலத்திலேயே அந்தப் பெயரில் ஒன்று இருந்தது, 2019-இல் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம் என்கிற திறமூலமாகப் புது உயிர் கொடுத்தார்கள். அதில் கீபோர்டு மேனேஜரில் கேப்ஸ் லாக்கைக் கன்ட்ரோலாகவோ வேறு எதுவாகவோ மாற்றலாம், முழுக்க முடக்கியும் வைக்கலாம். ஆனால் பவர்டாய்ஸ் ஓடிக்கொண்டிருந்தால்தான் அந்த மாற்றம் இருக்கும். பாஸ்வேர்டு கேட்கும் திரையில் கேப்ஸ் லாக் பழைய கேப்ஸ் லாக்தான், அங்கே கவனம்.

கேள்வி: அதைச் செய்து பாருங்கள், இதை முயன்று பாருங்கள் என்று கணினியே வந்து தொல்லை செய்கிறது.

பதில்: ஒரே இடத்தில் அணைக்க முடிந்தால் நன்றாகத்தான் இருக்கும், அப்படி வைக்கவில்லை. சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அடிவரை இறங்கினால் அடிஷனல் செட்டிங்ஸ் இருக்கும், அதில் உள்ள டிக்குகளை எடுங்கள். பெர்சனலைசேஷன், ஸ்டார்ட் பக்கத்தில் ரெக்கமெண்டேஷன்ஸ் என்று ஆரம்பிப்பதை அணையுங்கள். லாக் ஸ்கிரீனில் பிக்சர் என்று மாற்றி, ஃபன் ஃபேக்ட்ஸ் என்ற டிக்கையும் எடுங்கள். பெரிய அப்டேட் வந்த பிறகு ஒரு நடை போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: சிரிக்காதீர்கள். ரீசைக்கிள் பின்னின் பெயரை மாற்ற முடியுமா?

பதில்: சிரிக்கவில்லை, நானே மாற்றி வைத்திருக்கிறேன். அதைத் தேர்வு செய்து எஃப்2, பெயரைத் தமிழிலேயே டைப் செய்து என்டர். என் கணினியில் அதன் பெயர் "அப்புறம் பார்க்கலாம்". பெயருக்கேற்ப, திரும்பத் தேவைப்படும் என்று நினைத்த ஃபைல்களையும் அதிலேயே போட்டு வைத்துக்கொண்டிருந்தேன். சிஸ்டத்துக்குள் ஸ்டோரேஜில் இருக்கும் ஸ்டோரேஜ் சென்ஸை ஆன் செய்தால், ரீசைக்கிள் பின்னில் 30 நாளுக்கு மேல் கிடப்பதை அது தானாகவே அழித்துவிடும் என்பது எனக்கு முப்பத்தோராவது நாள்தான் தெரிந்தது.